செம்மறிகளை ஒரே பருவத்தில் ஈனச் செய்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்குச் சிறு செம்மறிப் பட்டியொன்று நல்ல துணையாகும். சிலாபப் பகுதியில் முதிர்ந்த தென்னைகளின் கீழ் வளரும் புல்லும், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தாளும் அவற்றுக்கு உணவாகும். அவற்றின் எரு தோட்டத்துக்கு உரமாகும். சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள லுணுவிலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தென்னை ஆராய்ச்சி நிலையம், தென்னையின் கீழ்ப் புல் வளர்த்துக் கால்நடைகளை மேய்ப்பது பற்றியும் ஆராய்ந்துள்ளது.

ஆனால், கிடாயை ஆண்டு முழுவதும் பட்டியிலேயே விட்டுவைத்தால் குட்டிகள் மாதந்தோறும் ஒன்றும் இரண்டுமாகப் பிறக்கும். அடைமழையிற் பிறந்த குட்டி ஈரத்தாலும் குளிராலும் இறக்கும். கடும் வரட்சியிற் பிறந்த குட்டி தாயிடம் பாலின்றி மெலியும். வயல் வேலை மிகுந்த நாளில் ஈனும் ஆட்டைக் கவனிக்க ஆளிராது. விற்பனைக்கும் ஒத்த நிறையுள்ள குட்டிகள் சேரா. ஆகவே ஆடுகள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஈனுமாறு செய்வது நன்மை பயக்கும்.

பெண் செம்மறியின் இயல்பு

பெண் செம்மறிக்குச் சுமார் 17 நாட்களுக்கு ஒருமுறை வேட்கை உண்டாகும். அது 24 முதல் 36 மணி நேரம் வரை நீடிக்கும். பசுவைப் போலச் செம்மறி அதனை வெளிப்படையாகக் காட்டாது; கிடாயே அதனை நன்கு அறியும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். வெப்ப நாடுகளின் செம்மறிகள் எம்மாதத்திலும் சினைப்படக் கூடியவை. எனினும் உணவு குறைந்த ஆடுகளுக்கும், பாலூட்டும் ஆடுகளுக்கும் வேட்கை தடைப்படுதல் உண்டு.

கிடாயைப் பிரித்து வைத்தல்

செலவு மிகக் குறைந்த முறை இதுவே. கிடாயை ஒரு மாதத்துக்குக் குறையாமல், பெண் ஆடுகளின் கண்ணுக்கும் செவிக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர் அதனைப் பட்டியில் விட்டால், வேட்கையின்றி இருந்த ஆடுகள் பலவற்றில் சில நாட்களுக்குள் கருமுட்டை வெளிப்படும். 1944ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவில் அண்டர்வூட்டும் அவருடைய துணைவரும் இதனை விளக்கி எழுதினர். அந்த முதல் முறையில் வேட்கை தோன்றாது. கிடாயை விட்ட 17 முதல் 26 நாட்களுக்குள்ளேயே தோன்றும். ஏற்கெனவே ஒழுங்காக வேட்கை கொள்ளும் ஆடுகளோ முதல் 17 நாட்களுக்குள் கிடாயைச் சேரும். எனவே கிடாயை 34 நாட்கள் பட்டியில் விட்டு, பின் பிரித்துவிடுதல் வேண்டும். அதற்கு முன்னதாகப் பிரித்தால் பிந்திய ஆடுகள் வெறுமையாய் நின்றுவிடும்.

கால ஒழுங்கு

சிலாபத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின் பின் புல் செழித்திருக்கும். மாசி, பங்குனியிற் பெரும்போக அறுவடைத் தாள் கிடைக்கும். இவ்விரண்டும் பாலூட்டும் தாய்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் மார்கழியில் ஈன வேண்டும். மார்கழியில் ஈன வேண்டுமாயின் ஆடியிற் கிடாயை விட வேண்டும்.

மே நடுப்பகுதி: கிடாயைக் கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டுக. விந்து உருவாக ஏறக்குறைய ஏழு வாரங்கள் செல்லும்; ஆகையால் இந்நாளிற் கண்ட காய்ச்சல் ஆடியில் மலடாக்கக் கூடும்.

ஜூன் 10: கிடாயை அகற்றுக. அயலவரின் கிடாயும் நெருங்காதிருத்தல் வேண்டும்.

ஜூன் 24: மெலிந்த ஆடுகளுக்குத் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, கிளிரிசீடியா இலை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கத் தொடங்குக.

ஜூலை 15: கிடாயை விடுக. 25 ஆடுகள் வரை நல்ல கிடாய் ஒன்று போதும்.

ஆகஸ்ட் 18: கிடாயை அகற்றுக.

டிசம்பர் 12 முதல் ஜனவரி 15 வரை: குட்டிகள் பெரும்பாலும் இந்நாட்களிற் பிறக்கும். ஈனுவதற்கு முந்திய ஆறு வாரங்களிலேயே கருக்குட்டி மிகுதியாக வளருமாதலால், நவம்பரிலிருந்து நல்லுணவு அவசியம். மழை ஒதுங்கும் உலர்ந்த கொட்டிலையும் அமைத்துக் கொள்ளுக.

காவி அடையாளம்

மஞ்சட்காவித் தூளை எண்ணெயிற் குழைத்துக் கிடாயின் முன்னங்கால்களுக்கு இடைப்பட்ட நெஞ்சிற் பூசுக. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்குக. கிடாய் ஏறிய ஆட்டின் பின்முதுகில் நிறம் படியும். அந்நாளைக் குறித்து 150 நாட்கள் கூட்டினால் ஈனும் நாள் தெரியும். 17 நாட்களின் பின் செங்காவிக்கு மாற்றுக. மஞ்சள் பெற்ற ஆடு சிவப்பும் பெறுமாயின், அது முன்னர் சினைப்படவில்லை என அறியலாம். பன்னிரண்டு ஆடுகளில் எட்டு அவ்வாறு திரும்பினால் குறை கிடாயிடம் இருக்கலாம். தாமதமின்றி வேறு கிடாயைத் தேடுக.

மருந்து முறைகள்

1960களில் அவுஸ்திரேலியாவில் ரொபின்சன் என்பவரின் ஆராய்ச்சியால் ஓமோன் ஊட்டிய பஞ்சு முறை உருவாயிற்று. பஞ்சினை யோனியுள் 12 முதல் 14 நாட்கள் வைத்து எடுத்து, சினைக்குதிரையின் குருதியிலிருந்து பெறும் ஓமோனை ஊசியால் ஏற்றுவர். இரண்டு நாட்களுக்குள் பெரும்பாலான ஆடுகள் வேட்கை கொள்ளும். அப்போது எட்டுப் பத்து ஆடுகளுக்கு ஒரு கிடாய் தேவைப்படும். ஊசியின் அளவு மிகுந்தால், தாய் வளர்க்க இயலாத அளவுக்குக் குட்டிகள் பிறக்கலாம்.

புரொஸ்டாகிளாண்டின் ஊசியை 9 முதல் 11 நாட்கள் இடைவிட்டு இருமுறை ஏற்றுவது மற்றொரு முறை. வேட்கைச் சுழற்சி இல்லாத ஆட்டில் அது பயன் தராது. சினையாட்டிற் கருவைச் சிதைக்கும். கருவுற்ற பெண்களும் ஆஸ்த்துமா உடையோரும் அம்மருந்தைத் தொடலாகாது. இம்முறைகள் யாவும் கால்நடை வைத்திய அதிகாரியின் பொறுப்பிலேயே நடைபெறல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆடுகளுக்குக் கிடாயைப் பிரித்து வைக்கும் முறையே போதுமானது.

கூட்டு முயற்சி

அயலவர் இருவர் மூவர் சேர்ந்து நல்ல கிடாய் ஒன்றை வாங்கி, ஒருவர் வளவில் தனியே வளர்த்து, ஆடியில் எல்லா ஆடுகளையும் ஒன்றாக மேய விடலாம். மொத்தம் 25க்கு மேற்படாது பார்த்துக் கொள்ளுக. தன் மகளாகிய ஆட்டையே கிடாய் சேராதிருக்க இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுக. ஆண் குட்டிகளை நான்கு மாதமானதும் பிரித்து வைக்குக. இவ்வளவும் செய்தால், மார்கழியில் ஒரு மாதம் கண்விழித்துக் காத்தவருக்கு ஆண்டின் எஞ்சிய காலமெல்லாம் பயிரைக் கவனிக்க ஓய்வு கிடைக்கும்.