சாட்டிக்குக் கூழ் காய்ச்சப் போகிறீர்களா? தண்ணீரையும் கொண்டு போங்கள்

ஆடி, ஆவணியில் வெளிநாடுகளில் இருந்து வந்திறங்கும் நண்பர்கள் இரண்டாம் நாளே கேட்டுவிடுவார்கள்: "மச்சான், சாட்டிக்கு எப்ப போறம்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. யாழ் நகரில் இருந்து பண்ணைப் பாலத்தால் இறங்கி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று போனால் அரை மணித்தியாலம் அளவில் வெள்ளை மணல் வந்துவிடும். பிள்ளைகள் இடுப்பளவில் நின்று விளையாடக்கூடிய கடல். பின்னால் பனைகள். சிந்தாத்திரை மாதாவைக் கும்பிட வருகிறவர்களும் கடல் குளிக்க வருகிறவர்களும் ஒரே வீதியால்தான் வருகிறார்கள்.

எங்கள் வட்டத்தில் இந்த ஒன்றுகூடலை ஒழுங்குபடுத்தும் வேலை சில வருடங்களாக என்னிடம் வந்து சேர்கிறது. பதினைந்து, இருபது பேர். ஒரு வான், நாலைந்து மோட்டார் சைக்கிள். சமையல் கூழ்தான், அதில் பேச்சுக்கு இடமில்லை. பேச்சு எழும்புவது வானில் தண்ணீர்க் கான்களை ஏற்றும்போது. "அங்க கிணறு கிடக்குத்தானே, ஏன்ராப்பா இதையெல்லாம் சுமக்கிறாய்?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்பார். வானுக்குப் பக்கத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. எழுதி வைத்தால் இனி வருகிறவர்களுக்கும் உதவும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தீவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டும் மாரி மழைதான் வருடம் முழுவதற்கும் உரிய வைப்பு. அந்த மழை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீவகத்தில் பல இடங்களில் கிணறு வெட்டினால் சவர்த் தண்ணீர்தான் வரும். சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணல் அப்படியல்ல. விழுகிற மழையை உறிஞ்சி, அவசரப்படாமல் கீழே இறக்கி, பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிடித்து வைக்கிறது என்றால் நிலத்துக்கடியில் ஒரு தொட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது: நடுவில் தடித்து, கரைப்பக்கம் மெலிந்து, பூதக்கண்ணாடியின் வில்லை போல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் ஒருவரைச் சாராமல் ஒருவர் இதன் கணக்கை வெளியிட்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும்.

ஒல்லாந்தர் இதில் கெட்டிக்காரர்களாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அம்ஸ்ரர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணல்மேடுகளில் இருந்துதான் குடிநீர் எடுத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்களுடைய முன்னோர் வேலணைக்கு லைடன் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் இன்றைக்கும் வழக்கில் நிற்கிறது. பெயரை வைத்தார்கள், மணலுக்குக் கீழே பார்த்தார்களோ என்னவோ.

அந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேலே நன்னீர் ஓர் அடி இறங்கினால், கீழே இருக்கிற உப்புநீர் நாளடைவில் நாற்பது அடி ஏறப் பார்க்கும். முந்தி துலா மிதித்துப் பட்டையால் இறைத்தபோது தண்ணீர் ஊறி வர நேரம் கிடைத்தது. மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால், இழுக்கிற இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலெழும். ஒருமுறை சவர் ஏறிய கிணறு நல்ல மழை கண்ட பிறகுதான் தேறும். சிலது தேறாமலே போய்விடும்.

இப்போது காலத்தைப் பாருங்கள். மார்கழிக்குப் பிறகு பெரிய மழை இல்லை. வைகாசியில் இருந்து சோளகம் அடித்துக் காய்ச்சுகிறது. ஆவணி வரும்போது அந்த வில்லை வருடத்திலேயே மிக மெலிந்து கிடக்கும். சாட்டிக்குக் கூட்டம் அலைமோதுவதும் அதே ஆவணியில்தான். பாடசாலை விடுமுறை, நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டுக் கோடை விடுமுறை மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன.

சாட்டிக் கிணற்று நீர் சாட்டிக்கு மட்டும் உரியதாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இங்கிருந்து எடுக்கிற நீர்தான் வேலணையின் மற்றப் பகுதிகளுக்கும் புங்குடுதீவு போன்ற ஊர்களுக்கும் குழாயாலும் பவுசராலும் போய் வந்திருக்கிறது. நாங்கள் பாய் விரித்துக் குந்தியிருப்பது வேறு ஊர்க்காரரின் குடத்துக்கு மேலே. தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. கடல்நீரை அழுத்தி வடிக்க எவ்வளவு மின்சாரம் தேவை என்று யோசித்தால், சாட்டி மணல் அந்த வேலையைச் சும்மா செய்து தருவதன் பெறுமதி விளங்கும்.

ஒரு கூட்டம் போய் கிணற்றை வற்றச் செய்துவிடுமா? செய்யாது. இருபது பேர் கடல் குளித்துவிட்டு ஆளுக்கு ஐந்து வாளி வார்த்தால், வாளிக்குப் பத்து லீற்றர் வீதம் ஆயிரம் லீற்றர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இப்படி எத்தனை வான் வந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் எடுக்கிற தண்ணீரை விட மணலுக்குள் விடுகிறது எனக்குப் பெரிய கவலை. இங்கே நீர்மட்டம் ஆழத்தில் இல்லை. சவர்க்கார நுரை, சட்டி கழுவிய எண்ணெய், மறைவில் ஒதுங்கியது எல்லாம் இறங்கிச் சேர்கிற இடம் அதே தண்ணீர்தான். இதனால் எங்கள் ஒழுங்கு மூன்று வார்த்தைக்குள் அடங்கும்: சவர்க்காரம், ஷாம்பூ, சட்டிகழுவல் கிடையாது. உப்பு உடம்போடு துவாயைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து முழுகுங்கள், தோல் உரியாது. குடிக்க ஆளுக்கு மூன்று லீற்றர், கூழுக்குத் தனியாக, கை அலம்ப ஒரு கான். மலசலகூடம் எங்கே இருக்கிறது, அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதை முதலே விசாரித்துவிட்டுத்தான் நாளைக் குறிக்கிறேன். பெண்களும் வயதானவர்களும் வருகிற பயணத்தில் அது விருந்தை விட முக்கியம்.

இன்னொன்று. 1990, 91இல் தீவகத்தில் இருந்து பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்கள் நிறைய. ஆளில்லாத வளவும் கட்டுக் கிணறும் கண்ணில் படும்போது, வாளியோடு உள்ளே போகத் தோன்றும். அந்த வளவுக்கு உறுதி இருக்கிறது, உறுதிக்குரியவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கிறார். எங்களோடு வானில் வருகிற ஒருவரின் பேரனார் வெட்டிய கிணறாகக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் கேளுங்கள். பெரும்பாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

இனிக் கூழுக்கு வருவோம். நண்பர்களைக் கூப்பிட்டுக் கடற்கரையில் சமைக்கிறதற்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது. புரியாணிப் பார்சல் என்றால் வாங்குகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் ஒருவர், மற்றவர்கள் விருந்தாளிகள். வீட்டில் சமைத்துக் கொண்டுபோவதென்றால் வீட்டுப் பெண்கள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பவேண்டும், பிறகு கடற்கரையில் அவர்கள்தான் களைத்துப்போய் இருப்பார்கள். கூழ் அந்த இடத்திலேயே காய்ச்சுகிறது. ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் பலாக்கொட்டை உரிக்க, ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று புகை குடிக்க, எல்லோரும் விருந்துக்காரராகி விடுவார்கள்.

பத்துப் பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா காணும். பனங்கிழங்கைப் பிளந்து பச்சையாகவே காயவைப்பது ஒடியல், அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல். கூழுக்கு முன்னது. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கலாம். பச்சைக் கிழங்கின் கைப்பு மாவில் இருக்கும், ஆகவே வீட்டிலேயே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த மேல் தண்ணீரை ஊற்றி, திரும்ப ஊறவிட்டு, அந்தக் களியை மூடிய பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். இதைக் கடற்கரையில் செய்யப் போனால் தண்ணீர்க் கான் அரைவாசி அதிலேயே போய்விடும். மீன் காலையில் குருநகரிலோ பாசையூரிலோ. பெரிய மீன் தேவையில்லை. ஒரு தலை, கொஞ்சம் சின்ன மீன், நண்டு, றால், கிடைத்தால் திருக்கைத் துண்டு. மீனையும் நண்டையும் துப்புரவாக்குவது வீட்டுக் கிணற்றடியில்.

அடுப்பு மூன்று கல். எரிக்க ஊமல், கொக்கரை, பனை மட்டை, பன்னாடை பற்றவைக்க. காற்றுக்கு மறைப்பு இல்லாவிட்டால் சோளகம் மணலைத் தூக்கிச் சட்டிக்குள் போடும், பிறகு குடிக்கும்போது பல்லில் நறநறக்கும். ஒரு கைபிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் முதலில் அவிய வேண்டும். பிறகு நண்டு, மீன், றால். கடைசியில் அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு எல்லாவற்றையும் ஒடியல் களியோடு கரைத்து விட்டுத் துழாவ வேண்டும். துழாவுகிறவர் வேறு கதையில் இறங்கக்கூடாது, அடிப்பிடித்துவிடும். முருங்கையிலை இறக்கும் முன். குடிக்கும்போது கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு.

நல்லூர்க் கொடி ஏறியிருந்தால் இந்தத் திட்டம் அப்படியே கவிழும். இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத வீடுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ. நான் நாளைக் குறிக்கும்போது முதலில் பார்ப்பது கொடியேற்றத் திகதியை. அதைத் தவிர்க்க முடியாவிட்டால், சைவக் கூழுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. ஒரே சட்டியில் மீனை எடுத்துவிட்டுக் கொடுக்கிற கெட்டித்தனம் வேண்டாம்.

குடிப்பது பிளாவில். பனை ஓலையை மடித்துக் கோலினால் ஓர் ஏனம், குடித்து முடித்ததும் அடுப்பில் போட்டால் அதுவே விறகு. கோலத் தெரிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் பழக்குவதே அரை மணிநேரப் பொழுதுபோக்கு. தெரியாவிட்டால் சிரட்டை. இங்கே பழமை பேசவில்லை. கடற்கரையில் கிடக்கிற குப்பையில் பெரும்பங்கு லஞ்ச் சீற்றும் தண்ணீர்ப் போத்தலும் பிளாஸ்ரிக் கோப்பையும்தான். லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் இலங்கையில் 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ரோ எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. கடைகளில் இன்னும் கிடைப்பது வேறு கதை. பிரதேச சபை உழவு இயந்திரம் வந்து அள்ளும்வரை காற்று காத்திருக்காது. "கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவம்" என்று ஒருவர் மண்வெட்டி தேடுவார். வேறு ஊரில் அது பொறுப்பான யோசனையாக இருக்கலாம். இங்கே கிடங்கு வெட்டினால் வெட்டுவது அந்த வில்லைக்கு மேலே.

வானை மணலுக்குள் இறக்காதீர்கள். கரையில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான் மணலைக் காற்றுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்கிறோம். சில்லு நாலு தரம் ஏறினால் கொடி திரளாது. மணல் போனால் தண்ணீரைப் பிடிக்க ஒன்றும் இல்லை. மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கம் அனுமதியில்லாத மணல் அகழ்வு பற்றிய செய்திகளை இந்த வாசகர்கள் பல வருடமாக வாசித்து வருகிறார்கள். இரவில் ஏறிப்போகும் ஒவ்வோர் உழவு இயந்திரப் பெட்டி மணலும் மழையை வடித்துப் பிடிக்கிற பஞ்சில் ஒரு துண்டு. அதோடு பார்த்தால் எங்கள் சட்டி கழுவல் சின்ன விசயம்தான், ஆனால் எங்கள் கையில் இருப்பது அந்தச் சின்ன விசயம்.

அடுப்பை மணல் போட்டு மூடாதீர்கள். உள்ளே தணல் மணிக்கணக்கில் கிடக்கும், வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்குத் தெரியாது. கடல்நீரை ஊற்றி ஆறவைத்து, கரியை அள்ளி ஒரு உரப்பையில் கட்டி வானில் ஏற்றுகிறோம். சட்டியும் கழுவாமலேதான் வரும். அடியில் ஒட்டின கூழைச் சுரண்டித் தின்ன எப்படியும் இரண்டு பேர் பின் இருக்கையில் சண்டை பிடிப்பார்கள், பண்ணைப் பாலம் வருவதற்குள் பாதிச் சட்டி துப்புரவாகிவிடும்.