ஒரே மாத்திரை, இரண்டு வேகம்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் ஒருவருக்கும், திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கும் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இருவரும் ஒரே அளவு ஐசோனியாசிட் விழுங்குகிறார்கள். ஒருவர் ரத்தத்தில் அது சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. மற்றவருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது. எடையும் வயதும் சாப்பாடும் ஒன்றாகவே இருந்தாலும் இப்படி நடக்கலாம்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. அங்குள்ள என்ஏடி2 என்ற நொதி, மருந்தின் மூலக்கூறில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதற்கான மரபணு தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று வரும். இரண்டுமே மந்த வகையாக வாய்த்தால் மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். ஜப்பானில் இத்தகையவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். தென்னிந்தியாவில் பத்தில் ஆறு பேர்!

இந்த வேறுபாடு நோயாளிக்கு என்ன செய்கிறது என்று காட்டியதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு ஈடாகக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குச் சொன்ன இடம் அது. பிறகு அங்கே வாரம் ஒருநாள் மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மந்த வகையினர் ஓரளவு நன்றாகத் தேறினார்கள்; வேக வகையினரில் பலருக்கு நோய் அடங்கவில்லை. தினமும் கொடுத்தால் அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

அப்படியானால் மந்தம்தான் லாபமா? அதுவும் இல்லை. ஐசோனியாசிட் உடம்பில் தங்கத் தங்க வைட்டமின் பி6-இன் வேலையைக் கெடுக்கும். உள்ளங்கால் எரியும், விரல் மரத்துப்போகும். மந்த வகையினருக்கே இது கூடுதல். சாயத்தொழிலிலும் அவர்களுக்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் சில பழைய சாயங்களிலிருந்த அரோமேட்டிக் அமீன்களை முறிப்பதும் இதே நொதிதான். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 23 சாயத்தொழிலாளர்களைச் சோதித்தபோது 22 பேர் மந்த வகையினர் என்று 1982இல் தெரியவந்தது. அத்தகைய அமீன்களில் ஒன்றான பென்சிடினிலிருந்து செய்த சாயங்களுக்கு இந்தியாவில் 1990களில் தடை வந்தது.

நீங்கள் எந்த வகை என்று ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. டி.பி. மாத்திரை சாப்பிடும்போது பாதம் எரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6 மாத்திரை தருவார்கள்.