சரிவும் மரமும் கூடையும்: டிஸ்க் கோல்ஃப் ஆடும் முறை

டிஸ்க் கோல்ஃப் என்பது பந்தும் மட்டையும் இல்லாமல், கையால் வீசும் தட்டைக் கொண்டு ஆடும் கோல்ஃப். தரையில் வெட்டிய குழி இருக்க வேண்டிய இடத்தில், இரும்புக் கம்பத்தில் பொருத்திய கூடை நிற்கும். தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை எறிகளில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதே கணக்கு. மைதானத்தில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். எல்லாவற்றையும் சுற்றி முடிக்கும்போது யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கே வெற்றி.

பிறந்த கதை

வால்டர் ஃபிரெடரிக் மாரிசன் உருவாக்கிய பிளாஸ்டிக் தட்டை 1957-இல் அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகெங்கும் ஃப்ரிஸ்பீ என்று பெயர் பெற்றது அதுதான். அந்நிறுவனத்தில் பணிபுரிந்த எட் ஹெட்ரிக், தட்டின் மேற்புறத்தில் வட்ட வரிகளை அமைத்து அதைத் தள்ளாடாமல் பறக்கச் செய்தார். இதற்கான காப்புரிமை 1967-இல் கிடைத்தது.

பூங்காக்களில் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிவைத்துத் தட்டு வீசும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஹெட்ரிக் அதை ஒழுங்குபடுத்தி, கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜில் உள்ள ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். தொடக்கத்தில் அங்கே வெறும் கம்பங்களே இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிச் சென்றதா என்ற தகராறுக்கு இதில் இடமிருந்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கூடையை வைத்து ஹெட்ரிக் அதைத் தீர்த்தார். சங்கிலி தட்டின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ள, தட்டு கூடையில் விழுகிறது. இந்த அமைப்புக்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. இதற்கிடையே 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமும் உருவானது. 2002-இல் ஹெட்ரிக் மறைந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்திச் சாம்பல் பிளாஸ்டிக்கில் கலக்கப்பட்டுத் தட்டுகளாக வார்க்கப்பட்டது.

தட்டு பறக்கும் விதம்

இந்த ஆட்டத்தின் தட்டு, கடற்கரையில் வீசி விளையாடும் ஃப்ரிஸ்பீயைவிடச் சிறியது, கனமானது. குறுக்களவு 21 சென்டிமீட்டரை ஒட்டியும், எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரையிலும் இருக்கும். தொலைவுக்கு வீசும் டிரைவருக்கு விளிம்பு கூர்மையானது. கூடைக்கு அருகில் பயன்படும் பட்டருக்கு விளிம்பு மழுங்கலானது. இரண்டுக்கும் நடுவே மிட்ரேஞ்ச் உண்டு. முதன்முறை ஆடுபவருக்கு மிட்ரேஞ்ச் ஒன்றும் பட்டர் ஒன்றும் போதும். டிரைவர் வேகமாக வீசினால்தான் பறக்கும். புதியவரின் கையில் அது சீக்கிரமே தரையிறங்கிவிடும்.

தட்டைக் காற்றில் நிலைநிறுத்துவது சுழற்சி. வலக்கைக்காரர் புறங்கை வாட்டில் வீசினால், மேலிருந்து பார்க்கையில் தட்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் அது நேராகவோ சற்று வலப்புறமாகவோ போகும். வேகம் குறையும்போது, காற்று தட்டைத் தாங்கும் விசையின் மையம் முன்விளிம்பு நோக்கி நகர்கிறது. அது தட்டின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. ஆனால் தட்டு சுழன்றுகொண்டிருப்பதால் மூக்கு எழுவதில்லை. தட்டு இடப்புறம் சாய்ந்து இறங்குகிறது. பழகிய ஆட்டக்காரர் இந்தச் சாய்வை முன்கூட்டியே கணக்கில் வைத்து, குறுக்கே நிற்கும் மரத்தைச் சுற்றித் தட்டை வளைத்து அனுப்புவார். தடையில்லாத வெளியில் இதன் வீச்சு வியப்பூட்டும்: டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-இல் நெவாடா பாலைவனத்தில் 338 மீட்டர் தொலைவுக்கு வீசினார்.

ஆட்ட ஒழுங்கு

முதல் எறி குறித்த மேடையிலிருந்து. அடுத்த எறி, தட்டு விழுந்து நின்ற இடத்திலிருந்து. அந்த இடத்தைச் சிறு அடையாளத் தட்டால் குறித்துக்கொள்வார்கள். கூடைக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் வீசுவார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசியபின் நிலைதடுமாறி முன்னால் கால் வைக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே விழுந்தால் ஓர் எறி தண்டனையாகக் கூடும். காணாமற்போன தட்டைத் தேட 3 நிமிடம்தான். நடுவர் கூடவே வருவதில்லை. எண்ணிக்கையை ஆடுபவர்களே குறித்துக்கொள்கிறார்கள்.

கடைசி எறி வரை முடிவு மாறலாம் என்பதற்கு 2021-இல் யூட்டாவின் ஆக்டனில் நடந்த உலகப் போட்டி சாட்சி. கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவிலிருந்து வீசிய தட்டு நேரே சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. அதனால் பால் மெக்பெத்துடன் சமன் செய்தவர், கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றார்.

விடுதியில் மைதானம்

1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் போன்ற வழக்கமான கோல்ஃப் மைதானத்துக்கு விரிந்த புல்வெளியும் ஓயாத பராமரிப்பும் வேண்டும். டிஸ்க் கோல்ஃப், நிலத்தை அது கிடக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறது. மேடு, பள்ளம், பாறை, மரம் எல்லாம் ஆட்டத்தின் சுவையைக் கூட்டுபவை. இதனால்தான் மலை விடுதிகள் இதை விரும்புகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஸ்மக்லர்ஸ் நாட்ச், பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற விடுதி. பனியில்லாத மாதங்களில் அங்கே இரண்டு 18 கூடை மைதானங்கள் ஆட்களை ஈர்க்கின்றன: மரங்கள் அடர்ந்த பிரூஸ்டர் ரிட்ஜ் ஒன்று, திறந்தவெளி மிகுந்த ஃபாக்ஸ் ரன் மெடோஸ் மற்றொன்று. 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் தொழில்முறை உலகப் போட்டிகள் அங்குதான் நடந்தன.

ஆலங்காயத்துக்குப் பொருந்துமா?

தமிழ்நாட்டில் தட்டு விளையாட்டு என்றால் சென்னைக் கடற்கரைகளில் அணி சேர்ந்து ஆடும் அல்டிமேட்தான் அறிமுகமானது. கூடை நட்டு ஆடுவதற்கு ஏற்ற நிலம் மலையோரங்களில் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஆலங்காயம் அத்தகைய இடம். காப்புக்காட்டுக்குள் கூடை நட முடியாது. ஆனால் தனியார் தோப்போ விடுதி வளாகமோ சில ஏக்கர் பரப்பில் இருந்தால், 9 சிறு கூடைகளுக்கு அது போதும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. எறியும் பாதையில் மண்டிய உண்ணிச்செடிப் புதரை மட்டும் நீக்கியாக வேண்டும். தட்டு தொலைவதும் பாம்பு இருப்பதும் அங்கேதான். பாதைகள் ஒன்றையொன்று வெட்டாமலும், நடைபாதையின் குறுக்கே போகாமலும் அமைத்தால் ஆடாதவர்களுக்கும் ஆபத்தில்லை.

இங்கே இன்னொரு பொருத்தமும் உண்டு. அருகிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. விண்மீன்களைப் பார்க்க அதற்கு இருண்ட வானம் வேண்டும். பகல் வெளிச்சத்திலேயே ஆடி முடிக்கும் இந்த விளையாட்டுக்கு உயர்கம்ப விளக்குகள் தேவையில்லை.