மறவாத காவலர்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பிக்கு மணல்வாரி அம்மை கண்டது. வீட்டில் மற்றவர்கள் தள்ளி நிற்க, பாட்டி மட்டும் அவனைத் தம் பக்கத்திலேயே படுக்க வைத்துக் கொண்டார். "எனக்குச் சின்ன வயசிலேயே வந்து போயிடுச்சு. இனி என்னை அண்டாது" என்றாராம். மூடநம்பிக்கை என்றே நாங்கள் நினைத்தோம். அறிவியல் வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டபோதுதான் பாட்டி சொன்னது சரி என்று தெரிந்தது.

நம் உடலுக்குத் தோலே மதில். அதைத் தாண்டி வரும் கிருமிகளை வெள்ளையணுக்களில் சில அப்படியே விழுங்கி விடும். இவை ஆள் பார்த்து அடிப்பவை அல்ல. அதற்கென்று லிம்போசைட்டுகள் என்னும் வேறொரு படை உண்டு. அவற்றில் ஒவ்வொன்றும் பூட்டுக்கேற்ற சாவி போலக் குறிப்பிட்ட ஒரு வடிவத்தையே அடையாளம் காணும். தனக்குரிய கிருமி வந்ததும் அது ஒன்று பலவாகப் பெருகும். ஒரு வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும். மற்றொரு வகை கிருமி புகுந்த செல்லையே அழித்துவிடும். ஆனால் முதல் முறை இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். அதற்குள் கிருமியும் பெருகி விடுவதால் நாம் படுக்கையில் விழுகிறோம். போர் முடிந்ததும் படையில் பெரும்பகுதி மடிய, சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கி விடுகின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் அவை உடனே கிளம்பி விடும்.

இந்த நினைவு எத்தனை காலம் நிற்கும்? வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபேரோ தீவுகளில் 1781-இல் மணல்வாரி பரவிற்று. பின்பு 65 ஆண்டுகள் அந்நோய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் கப்பலில் வந்த ஒருவரால் மீண்டும் பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேரைப் படுக்க வைத்தது. அங்கே சென்று ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் பீட்டர் பேனம் ஓர் அதிசயத்தைக் கண்டார். 1781-இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை!

அப்படியானால் நோய் வந்து போவதே நல்லதா? இல்லவே இல்லை. மணல்வாரி உயிரையும் பறிக்கும். பிழைத்தவருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. மற்ற நோய்களைப் பற்றிய பழைய நினைவையும் அது அழித்து விடுகிறது. குழந்தைகள் பலரின் உடலில் முன்பிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமற் போனதை 2019-இல் கண்டறிந்தனர். தடுப்பூசியோ இந்த நஷ்டமின்றி நினைவை மட்டும் தருகிறது. நம் நாட்டில் 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி மற்றொன்று போடுகிறார்கள்.

இதை எழுதுமுன் நாங்கள் ஐவரும் எங்கள் தடுப்பூசி அட்டைகளைத் தேடி எடுத்தோம். ஒருத்தியின் அட்டையில் இரண்டாம் ஊசிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. அவள் அம்மா டாக்டரிடம் கேட்டு வரப் போயிருக்கிறார்.