லேப்டாப் திறக்கலையா? ஃபார்மட் செய்ய அவசரப்படாதீங்க!

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இப்படி இரண்டும் உள்ள லேப்டாப் திடீரெனத் திறக்க மறுத்தால், ஃபைல்கள் போய்விட்டன என்று பயப்பட வேண்டாம். எந்த இயங்குதளம் வேண்டும் எனக் கேட்கும் 'கிரப்' என்ற சிறு நிரலில்தான் பல நேரங்களில் கோளாறு இருக்கும்.

1. பென்டிரைவ், மெமரி கார்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஆன் செய்து பாருங்க.

2. தேர்வுப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் திறக்கிறதா? அப்டேட்டில் பூட் வரிசை மாறியிருக்கலாம். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலிட் கீயை அழுத்தி, பயாஸில் லினக்ஸை முதலிடத்துக்குக் கொண்டு வாங்க. பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதற்கு முன்பே 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வருகிறதா? லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்தால் இப்படி ஆகும். பயாஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதை முதலில் வையுங்கள்.

4. எதுவுமே திறக்கவில்லையா? வேறொரு கணினியில் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து லேப்டாப்பை இயக்குங்கள். ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஃபைல்களை வெளியே காப்பி செய்துவிடலாம்.

கடையில் "ஃபார்மட் பண்ணாதான் சரியாகும்" என்றால், முதலில் ஃபைல்களை காப்பி எடுத்துத் தரச் சொல்லுங்க. சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் சேமித்து வைத்தால், லேப்டாப் படுத்தாலும் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம்.