உழைப்பும் நிலமும்

தொழிலாளரின் கூலியைப் பற்றித் தொடங்கிய கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை, காலப்போக்கில் நிலத்தையும் நீரையும் பற்றிய போதனையாக விரிந்தது. நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நாம் அவ்வரலாற்றை அறிதல் நன்று.

1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் விடுத்த சுற்றுமடல், கூலி வெறும் பேரத்தின் முடிவன்று, தொழிலாளி சிக்கனமாக வாழ்வதற்கேனும் அது போதுமானதாக இருத்தல் வேண்டும் என்றது. 1961இல் இருபத்துமூன்றாம் அருளப்பர், குடியானவரும் கைவினைஞரும் கூட்டுறவில் இணைவதை ஊக்குவித்தார். 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையுடையது என்று வலியுறுத்தினார்.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ், ஏழையின் துயரமும் இயற்கையின் சீர்கேடும் இரு வேறு நெருக்கடிகளல்ல, ஒன்றே என்றார். சிறு உற்பத்தியாளரின் கூட்டுறவுகள் மாசு குறைந்த முறைகளைக் கைக்கொள்வதை நல்ல முன்மாதிரியாகவும் எடுத்துக் காட்டினார்.

இதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். சாயப் பட்டறையின் கழிவுநீர் வாய்க்காலில் கலந்தால், நெசவாளருக்கு மிஞ்சும் காசு பயிரிடுவோரின் விளைச்சலில் குறைகிறது. அவ்விழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே, ஆண்டறிக்கையில் இலாப நட்டத்தைப் பார்க்கும் அங்கத்தினர்கள், கழிவுநீர் எங்கே செல்கிறது என்றும் கேட்டல் வேண்டும். அதைச் சுத்திகரிக்கும் செலவைத் துணியின் விலையில் சேர்ப்பதே நேர்மை. பக்கத்து வயலின்மேல் சுமத்துவது நேர்மையன்று.