உண்டதை மறக்கிறவர்களுக்கு ஆகாரம்

சென்ற ஆண்டு பிம்ப்ரியில் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் முடிந்து, எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது என் மாமியார் அருகில் அமர்ந்திருந்த சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையிலேயிருந்து எனக்கு ஒரு வாய் சோறு தரல, தாயீ" என்றார்கள். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அத்தை அன்று காலையில் மூன்று இட்லியும், மத்தியானம் சோறும் மீன்குழம்பும் உண்டிருந்தார்கள். அதை எடுத்துச் சொல்ல என் நாவு எழும்பவில்லை. சொல்லியிருந்தால், பொய் பேசுகிறவர் மாமியாரா மருமகளா என்ற கேள்விதானே எழும்பும்?

டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள வீடுகளில் இவ்விதமான நிந்தையைச் சுமக்கிறவர்கள் அநேகர். 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோயோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்களுடைய தொகை ஏறத்தாழ 88 லட்சம் என்றும் கணக்கிட்டது. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் நம்முடைய ஜனங்கள் ஆலைகளை நம்பிக் குடியேறியவர்கள். 1954இல் இங்கே நிறுவப்பட்ட பென்சிலின் தொழிற்சாலையையும், அதன்பின் வந்த மோட்டார் வாகன ஆலைகளையும் சுற்றியே இந்நகரம் வளர்ந்தது. ஊரில் தகப்பனார் மரித்தபின், தனித்திருக்கும் தாயாரை இங்கே அழைத்து வருகிறோம். எங்கள் அத்தையும் நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படித்தான் வந்தார்கள். பாஷை புரியாத ஊர், இரண்டு அறை வீடு, தெரியாத முகங்கள். ஆகையால் அவர்கள் மறந்ததையெல்லாம் "புது இடம் அல்லவா" என்று சொல்லி ஓராண்டை வீணாக்கிவிட்டோம்.

எங்களை விழிக்கச் செய்தது அவர்களுடைய ரவிக்கைதான். தோளிலிருந்து அது நழுவத் தொடங்கியபோது எடை பார்த்தோம். 48 கிலோவாக இருந்தவர்கள் 41 கிலோவுக்கு இறங்கியிருந்தார்கள். இது எங்கள் வீட்டில் மாத்திரம் நடக்கிற காரியம் அல்ல. வீடுகளில் வாழும் மறதி நோயாளிகளில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பத்தைந்து பேர் வரை ஓராண்டுக்குள் கவலைக்குரிய அளவில் எடை இழக்கிறார்கள் என்று சர்வதேச அல்சைமர் அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நோயாளி சாப்பிட்டதை மறப்பார். சாப்பிடாததையும் மறப்பார். பசியை உணர்ந்தாலும் அதற்குப் பெயர் சொல்ல அறியார். மணமும் ருசியும் மங்கிப்போவதால், வாழ்நாளெல்லாம் விரும்பிய குழம்பு சப்பென்று இருக்கும், இனிப்பின்மேல் மாத்திரம் நாட்டம் கூடும்.

மருத்துவர் முதலாவது இரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டும், வைட்டமின் பி12உம் பார்க்கச் சொன்னார். இவ்விரண்டும் குறைந்தாலும் மறதியும் குழப்பமும் உண்டாகும், அவை மருந்தினால் திருத்தக்கூடியவை என்றார். அத்தையின் இரத்தத்தில் பி12 மிகவும் தாழ்ந்திருந்தது.

இங்கே பூனாவைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். பி12 குறைவைப் பற்றி இந்தியாவில் நடந்த முக்கியமான ஆராய்ச்சிகளில் சில இந்நகரத்திலேயே, கே.இ.எம். மருத்துவமனையில், டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களின் குழுவினரால் செய்யப்பட்டன. கிராமத்திலும் குடிசைப் பகுதியிலும் நடுத்தர வகுப்பினர் குடியிருப்பிலுமாக 441 நடுவயது ஆண்களைப் பரிசோதித்து 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. அதிகமாகக் குறைந்திருந்தவர்கள் ஏழைகள் என்று நினைப்போம். அப்படியல்ல, நகரத்து நடுத்தர வகுப்பினரில் நூற்றுக்கு 81 பேருக்கு அந்தக் குறைவு இருந்தது. சைவ உணவே முக்கியமான காரணமாகக் காணப்பட்டது.

"நாம் இறைச்சி உண்கிறவர்கள், நமக்கென்ன?" என்று நானும் எண்ணியிருந்தேன். பி12ஐ உண்டாக்குகிறவை நுண்ணுயிர்கள் மாத்திரமே. அது நமக்கு இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றின் வழியாக வருகிறது. கீரையிலும் பருப்பிலும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி சமைத்தாலும், பல் போன முதியவர் குழம்பை மாத்திரம் ஊற்றிக்கொள்கிறார். மற்ற நாட்களில் தேநீரும் ரொட்டியும் கஞ்சியுமே போதும் என்கிறார். வயதாகும்போது வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 சரிவரப் பிரிந்து சேருவதில்லை. நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்பார்மின் விழுங்குகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இக்குறைவு எளிதில் வருகிறது. அத்தை பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்பார்மின் எடுத்துவந்தவர்கள்.

ஊசி போடத் தொடங்கிய சில வாரங்களில் அவர்களுடைய சோர்வு நீங்கியது, பாதத்தில் இருந்த எரிச்சலும் குறைந்தது. மறதி நீங்கவில்லை. பி12 குறைவினால் மாத்திரம் வந்த மறதி, காலம் தாழ்த்தாமல் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறும். அல்சைமர் நோய் அந்த ஊசியினால் தீராது. எங்கள் அத்தைக்கு இரண்டும் சேர்ந்திருந்தன.

எந்த ஆகாரமாவது இந்நோயைக் குணமாக்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்றார் ஒருவர், வல்லாரை கொடுங்கள் என்றார் இன்னொருவர். வல்லாரைத் துவையல் நல்ல கறிதான், உண்ணட்டும். ஆனால் இவற்றில் ஒன்றும் இந்நோயைத் தீர்க்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. கீரை, கொட்டைகள், மீன், முழுத்தானியம் மிகுந்த ஓர் உணவுமுறையை அமெரிக்காவில் 604 முதியவர்களிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றப் பிரிவினரைவிட அவர்களுடைய ஞாபகசக்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவோடு உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் செய்தபோது, சிந்திக்கும் திறனில் பயன் தெரிந்தது. அது 2015இல் வெளிவந்தது. அவர்களும் நோய் வருமுன் இருந்தவர்களே. நோய் வந்தவருக்கு ஆகாரம் செய்யும் உதவி வேறு. எடை குறையாமல் காக்கிறது, விழாமல் நிற்கப் பெலன் தருகிறது, புண் ஆற உதவுகிறது. இது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். அத்தைக்கு நான் வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்சோறு வைத்துவந்தேன். அவர்கள் ஓரத்திலிருந்த ஊறுகாயை மாத்திரம் தொட்டு நக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். இந்நோயில் கண் பார்த்தாலும் மூளை நிறங்களின் எல்லையைப் பிரித்தறியத் தடுமாறும் என்று பின்னர் அறிந்தேன். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்களுக்குக் காணப்படவே இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நோய் முற்றியவர்களுக்குப் பளிச்சென்ற சிவப்புப் பாத்திரங்களில் பரிமாறியபோது அவர்கள் உண்ட அளவு நூற்றுக்கு 25 பங்கும், பருகிய அளவு 84 பங்கும் கூடியது. நான் பிம்ப்ரி கடைத்தெருவில் ஒரு சிவப்புத் தட்டு வாங்கினேன். வாழையிலை கிடைக்கிற நாளில் இலையே போடுகிறேன். பச்சை இலையில் வெள்ளைச் சோறு, இதை நம் முன்னோர் எந்த ஆய்வும் இல்லாமல் செய்தார்கள்.

அடுத்தது, சப்பாத்தி. இருபது ஆண்டுகளாக இரவில் சப்பாத்தி எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அத்தையோ அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, மடித்துத் தலையணையின் கீழ் வைப்பார்கள். சமீபத்தில் கற்றவை முதலில் அழிய, சிறுவயதில் உண்டவை கடைசிவரை நிற்கின்றன. கஞ்சியும் தேங்காய்த் துவையலும், புட்டும் பழமும், சொதியும் அவர்களுக்கு ஆகாரமாகத் தெரிகின்றன. ஆகவே ஊர்ச் சமையலுக்குத் திரும்பினோம். ஒருமுறைக்கு ஒரே பதார்த்தம் வைக்கிறேன், நான்கு கறி வைத்தால் குழம்பிப்போகிறார்கள். கையால் எடுத்து உண்ண இட்லியைத் துண்டுகளாக்கி நெய் தடவிக் கொடுக்கிறேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நானும் உடன் அமர்ந்து உண்கிறேன். நான் கையை வாய்க்குக் கொண்டுபோனால் அவர்களும் கொண்டுபோகிறார்கள்.

தண்ணீர்தான் கடினம். தாகம் அவர்களுக்குத் தெரிவதில்லை. நீர் குறைந்து மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ உண்டானால், ஒரே நாளில் குழப்பம் பன்மடங்காகும். மோர், ரசம், இளநீர் என்று பகல் முழுவதும் சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். குடிக்கும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கேட்டாலோ விழுங்குவதில் கோளாறு உண்டு என்று அறிந்து மருத்துவரிடம் போகவேண்டும். படுக்கவைத்து ஒருபோதும் ஊட்டக்கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டி, பின்பும் அரைமணி நேரம் அப்படியே இருத்தவேண்டும். ஆகாரம் சுவாசப்பைக்குள் சென்றால் நிமோனியா வரும். நோய் முற்றின காலத்தில் மூக்கின் வழியாகவோ வயிற்றிலோ குழாய் பொருத்துவது ஆயுளைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை என்றும், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நலம் என்றும் முதியோர் மருத்துவ வல்லுநர்கள் கூறுகிறார்கள்.

நம் சபைகளுக்கென்று ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை உபவாசத்தில் முதியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் முதியவர் உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். இந்நோய் உள்ளவர் தாம் எதற்காக உண்ணாதிருக்கிறோம் என்றே அறியாதவர். வீட்டார் உபவாசித்தாலும் அவருக்கு வேளைதோறும் ஆகாரம் கொடுங்கள்.

பிம்ப்ரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு.

அன்று கையைப் பிடிக்கப்பட்ட சகோதரி மறுவாரம் ஒரு தூக்குவாளி நிறையச் சுக்குக்கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்தார். அத்தை இரண்டை உண்டுவிட்டு, ஒன்றும் தரவில்லை என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவதைக் கொடுத்தார். நானும் இப்பொழுது "சாப்பிட்டீர்களே" என்று வாதாடுவதில்லை. "இதோ, வைக்கிறேன் அத்தை" என்று சொல்லி, அவித்த முட்டையிலோ பழத்திலோ பாதி கொடுக்கிறேன். மாதத்தின் முதல் தேதியில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுகிறோம். இந்த மாதம் 43 கிலோ 200 கிராம்.